துவக்கோடு ஓடிப்போனவன்

நெருப்பைக் கொஞ்சம் தூண்டிவிடுங்கள். ஆனை அந்தப் பக்கம் போய்விட்டது, இனி விடியும்வரை வராது. கிட்ட வந்து இருங்கள். நான் கத்திச் சொல்லப்போவதில்லை.

பேய் என்றால் ராவில்தான் வரும் என்று சற்றுமுன் ஒருவன் சொன்னானே... நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. எனக்கு நடந்ததல்ல. நிந்தவூரில் என் கூட்டாளி மிஹ்லார் இருக்கிறான் அல்லவா, அவனுடைய மச்சானுக்கு. மிஹ்லாரின் மூத்தவள், ராத்தா நஸ்லியாவைக் கட்டிய முனாப்புக்கு. வயதில் எனக்கு மூத்தவன்தான். ஆனால் அவனுக்கு ‘அவர்’ போட எனக்கு வாய் வராது. ஏன் என்று, கதையைக் கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

சண்டை முடிந்த வருடம். வறட்சியில் கச்சான் காற்று அடிக்கிற காலம். நண்பகல் லுஹர் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அம்பாறையிலிருந்து காரைதீவுக்கு வருகிற வீதி... மாவடிப்பள்ளிக்கு முன்னால் இரண்டு பக்கமும் வயல், வேறு ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் இல்லை. ஒரு மாடு இல்லை. தார் இளகி டயரில் ஒட்டுகிறது. முனாப் மோட்டார் சைக்கிளில் தனியே வருகிறான். புதிதாகத் தைத்த சீருடை போட்டிருந்தான். நல்ல சந்தோஷம். பாட்டுப் படித்துக்கொண்டு வந்தானாம்.

சைக்கிள் கனத்தது.

ஓடுகிற வண்டியில் யாரோ பின்னால் ஏறி உட்கார்ந்ததுபோல. பின்பக்க ஸ்பிரிங் ‘க்ரீச்’ என்று இறங்கியது. எஞ்சின் இழுக்க மாட்டாமல் முனகியது. காற்றுப் போய்விட்டது என்று நினைத்து நிறுத்தினான். டயரை அமத்திப் பார்த்தான். கல்லுப்போல இருந்தது. ஏறி உதைத்தான். கொஞ்சத் தூரம்தான்... திரும்பவும் கனம். அதோடு முதுகில் ஒரு குளிர். அந்த வெயிலில், அந்தக் காற்றில். தலையிலிருந்து கால்வரை நனைந்த ஒருவன் உங்கள் முதுகில் சாய்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

பிறகு நாற்றம்.

அது என்ன நாற்றம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல் வந்து போனபிறகு நம் ஊர்களில் கிடந்ததே, அந்தக் கறுப்புச் சேறு. கடலின் மணமல்ல அது. கக்கூஸ் குழியும் டீசலும் அழுகிய மீனும்... மற்றதும்... எல்லாம் ஒன்றாய்க் கலந்தது. அடுத்த நோன்புப் பெருநாள்வரை சோற்றில் மணத்தது. சேறு போயும் தொண்டைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த நாற்றம், கடலை விட்டு இவ்வளவு தூரத்தில், நடு வயலில், அவன் பிடரிக்குப் பின்னால் மூச்சு விட்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வந்து சேரும்வரை பார்க்கவில்லை.

முனாப் ஊர்காவற்படையில் இருந்தவன். அவனும் ஆதம்லெவ்வை என்ற ஒருவரும் கடற்கரைக் காவலரணில் ஒன்றாகக் கடமை. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் முறை. வேறு யாரும் இல்லை. கடல் வந்தது, போனது. முனாப் சேறும் சகதியுமாக ஊருக்குள் வந்து நின்றான். ஆதம்லெவ்வை வரவில்லை. அடக்க மையித்தும் கிடைக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த துப்பாக்கி, அந்தத் துவக்கும் கிடைக்கவில்லை.

பொறுப்பதிகாரி முனாப்பைக் கூப்பிட்டு விசாரித்தார். விடியச்சாமத்திலேயே ஆதம்லெவ்வை துவக்கையும் எடுத்துக்கொண்டு அரணை விட்டுப் போய்விட்டார் என்று முனாப் சொன்னான். ஒருவன் சொன்னான், மற்றவர்கள் எழுதினார்கள். ஆதம்லெவ்வையின் சேவைக் கோப்பில் ‘கடமையை விட்டு ஓடியவர்’ என்று விழுந்தது. ஊரில் அது இன்னும் நீண்டது. துவக்கை விற்றுவிட்டு ஓடியவன் என்றார்கள். மன்னாரில் கண்டதாக ஒருவன் சொன்னான், வேறு கலியாணம் முடித்துவிட்டார் என்று இன்னொருவன். அவருடைய மனைவி அஸீஸா, கல்முனைச் சந்தைக்குப் போனால்கூட முகத்தை மூடிக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் முகத்தை மூடுவதில்லை. அவள் எதற்காக மூடினாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு கதையும் ஊரில் இருந்தது. அந்தக் காலையில் ஓர் ஊர்காவற்படைக்காரன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி மீனுக்கு ஐஸ் கட்டி உடைக்கும் மடுவத்தின் கூரையில் போட்டானாம். பிழைத்தது சின்னப் பிள்ளைகள். முகம் நினைவில்லை, சீருடைதான் நினைவு. இரண்டாவது அலை வந்தபோது அவனைக் காணவில்லை. ஊர் கணக்குப் போட்டது. ஒருவன் துவக்கோடு ஓடிவிட்டான். அப்படியென்றால் பிள்ளைகளைத் தூக்கியவன் யார்?

முனாப் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதல் வருடம் தலையைக் குனிந்தான். அடக்கமான மனிதன் என்றார்கள். அடுத்த வருடம் மெல்லச் சிரித்தான். பிறகு கேட்டால் சொல்லத் தொடங்கினான். பிறகு கேட்காமலே சொன்னான். கையை இப்படி நீட்டி, பிள்ளையின் கக்கத்தில் பிடித்து, ‘இப்படித்தான் தூக்கினன்’ என்று செய்துகாட்டுவான். நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை கூடும். கலியாணச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கை கழுவின ஈரத்தோடு, ‘இந்தக் கையாலதான்’ என்பான். எனக்கு அப்போதே அந்தச் சோறு இறங்காது. ஏன் என்று தெரியவில்லை. வாய்க்குள் பல்லி விழுந்ததுபோல ஒரு கூச்சம்.

சண்டை முடிந்ததும், பதக்கங்கள் விடுபட்டவர்கள், கோப்பில் பிழை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். முனாப் முதல் ஆளாகப் போனான். தன் கோப்பில் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் இல்லை, தனக்கு வரவேண்டிய வீரப் பதக்கம் விடுபட்டுவிட்டது, திருத்தித் தாருங்கள் என்று மனுக் கொடுத்தான். கொடுத்துவிட்டு வரும் வழியில்தான் சைக்கிள் கனத்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி நஸ்லியாவிடம் கொடுத்தான். வேர்வை என்றான். முன்பக்கம் காய்ந்து மொறமொறவென்று இருக்கிறது. முதுகுப் பக்கம் மட்டும் பிழிந்தால் சொட்டும். அவள் கிணற்றடியில் தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் போட்டு அமத்தினாள். தண்ணீர் கறுத்தது.

சாயம் போகிறது என்று நினைத்தாள். ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் எடுத்தாள். அதுவும் கறுத்தது. மேலே டீசல் படலம் நீலமும் ஊதாவுமாக மினுங்கியது. பேசினின் அடியில் சேறு படிந்தது. புதிய சட்டை... அன்றைக்குத்தான் முதன்முதல் போட்டது. சேற்றைக் கையால் வழித்தாள். மீன் செதில். தும்பு. பிறகு நீளமாக ஒன்று விரலில் சுற்றிக்கொண்டது. இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் தலைமுடி. பின்னல் போட்ட வளைவு இன்னும் அதில் இருந்தது.

நஸ்லியா பேசினை அப்படியே கழிவுநீர்க் கானுக்குள் கவிழ்த்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை அவன் சீருடை போட்டுவிட்டு வரும்போதும் அப்படித்தான். சவர்க்காரம் போட்டாள், வெந்நீரில் ஊறவைத்தாள், எலுமிச்சம்புளி தேய்த்தாள். கிணற்றடிக் கான் அடைத்துக்கொண்டது. கோழிகள் அந்தப் பக்கம் போகவில்லை. முனாப்புக்கு மட்டும் அந்த வீதியில் மணத்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒரு மணமும் தெரியவில்லை. அவள் மூக்கில்தான் கோளாறு என்றான். அந்தச் சட்டையோடு உட்கார்ந்து மீன் குழம்பு பிசைந்து சாப்பிட்டான். எலும்பைச் சூப்பினான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் பள்ளிவாசலில் எல்லோருக்கும் தெரிந்தது. தொழுகைக்குத் தோளோடு தோள் ஒட்டி நிற்கவேண்டும் அல்லவா? முனாப் நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கவில்லை. மெல்ல அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். ஒரு ஆலிமிடம் தண்ணீர் ஓதி வாங்கப் போனான். மௌத்தாகிப்போனவர்களின் றூஹ், அந்த உயிர், திரும்பி வராது, இது ஜின்னின் சேட்டை என்று ஆலிம் சொன்னார். சொல்லிக்கொண்டே தான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாராம்.

இதற்கிடையில் அஸீஸாவும் ஒரு மனுக் கொடுத்திருந்தாள். புருஷன் ஓடவில்லை என்று அவள் ஐந்து வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்த மனுதான். இந்த முறை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மனுவும் ஒரே காவலரண், ஒரே காலை. ஆகவே ஒரே நாளில் விசாரணை என்று அறிவித்தல் வந்தது. சாட்சி முனாப்.

விசாரணைக்கு முதல்நாள் பகல் அஸீஸா முனாப்பின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள். முனாப் மேசையில் உட்கார்ந்து இடுப்புப் பட்டியின் பித்தளைக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

“பதக்கம் எனக்கு வேணாம் காக்கா. அத நீங்களே எடுங்க. அவரு ஓடல்ல எண்டு மட்டும் சொல்லுங்க” என்றாள், சொந்த அண்ணனைக் கேட்பதுபோல.

முனாப் தலையை நிமிர்த்தவில்லை. “நான் கண்டதத்தான் சொன்னன். விடியச்சாமம் ஆளும் இல்ல, துவக்கும் இல்ல.”

அவ்வளவுதான். பித்தளையைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தான். தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது என்று நஸ்லியா பிறகு மிஹ்லாரிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சத்தம் அவளுக்குச் சேற்றை விடக் கேவலமாக இருந்ததாம்.

அஸீஸா திரும்பினாள். முற்றத்தில் கொடியில் அந்தச் சட்டை கிடந்தது. காலையில் போட்டது. அந்த வெயிலிலும் காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மணலில் ஒரு கறுப்புக் குழி. அவள் அதைக் கடந்து போனாள்... நின்றாள்... திரும்பி வந்தாள்.

அந்தச் சட்டைக்குக் கிட்ட நஸ்லியா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவாள். பக்கத்து வீட்டார் அந்தப் பக்கத்து ஜன்னலையே பூட்டி வைத்திருந்தார்கள். அஸீஸா அந்தச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். முகத்திரையை விலக்கினாள். முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். நிறைய நேரம். கன்னத்திலும் நெற்றியிலும் சேறு ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கவில்லை.

“இவரு இஞ்சயா வாறாரு ராத்தா?” என்று நஸ்லியாவிடம் கேட்டாள். “எங்கட வூட்ட ஒருநாளும் வரல்லயே.”



மறுநாள் அம்பாறையில் விசாரணை. பெரிய அதிகாரி சிங்களவர். தமிழில் சொல்வதை மொழிபெயர்க்கக் காரைதீவு நல்லரெத்தினம் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். முனாப் சல்யூட் அடித்து நின்று, கையை நீட்டிப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினான். நன்றாகப் பழகியிருந்தான். அதிகாரிக்கே கண் கலங்கியது. அஸீஸா பின்வரிசை வாங்குப் பலகையில் தலையைக் குனிந்து இருந்தாள்.

நஸ்லியா அழைக்கப்படவில்லை. அவள் தம்பி மிஹ்லாரோடு பஸ்ஸில் வந்து வெளியே நின்றவள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிஹ்லார் பிடிக்கப் பார்த்தான், பிடிக்க முடியவில்லை.

“கடல் வரக்குள்ள இவரு என்ட வூட்ட படுத்துக் கிடந்தாரு ஐயா” என்றாள். “விடிய சுபஹுக்கு முன்னமே அரண விட்டுட்டு வந்துட்டாரு, குளிருது எண்டு. சனம் கத்திட்டு ஓடக்குள்ள நான்தான் எழுப்பினன். கதவப் பூட்டு எண்டாரு. தண்ணி வடிஞ்சதுக்குப் பொறகு கொல்லைக்குள்ள நிண்டு, கான் சேத்த அள்ளி அள்ளி உடுப்புல பூசினாரு. தலையிலயும் பூசினாரு. பூசிட்டுத்தான் வெளியால போனாரு. அந்த உடுப்ப நான்தான் கழுவினன்.”

நல்லரெத்தினம் மொழிபெயர்க்கத் தொடங்கி, சேறு பூசிய இடத்தில் நின்றுவிட்டார். கிளாசை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார். அதிகாரிக்கு விளங்கவில்லை. இரண்டாவது முறையும் சொல்லவைத்தார். விளங்கியதும் பேனையை மேசையில் வைத்துவிட்டு முனாப்பைப் பார்த்தார். காலில் மிதித்துவிட்ட ஒன்றைப் பார்ப்பதுபோல என்று மிஹ்லார் சொல்லுவான்.

ஊர் முழுக்கப் பிள்ளைகளைத் தேடி, மையித்துகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. என் வாப்பா என் தங்கையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் இவன் கொல்லைக்குள் நின்று, வேட்டைக்காரன் வேஷத்துக்குக் கரி பூசுவதுபோல, சேறு பூசிக்கொண்டிருக்கிறான்... த்தூ. நெருப்புக்குள் துப்பக்கூடாது என்பார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அரணில் இரண்டே பேர். ஒருவன் வீட்டில் படுக்கையில். அப்படியென்றால் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆதம்லெவ்வையின் கோப்பைத் திருத்தினார்கள். ‘ஓடியவர்’ என்பதை வெட்டி, ‘கடமையில் உயிர்நீத்தவர்’ என்று எழுதினார்கள். பதக்கத்தை அஸீஸாவின் கையில் கொடுத்தார்கள். ஊர் திரண்டு போய்க் கைதட்டியது. மன்னாரில் கண்டவனும் நின்று தட்டினான். அஸீஸா முகத்தை மூடாமல் வந்திருந்தாள், ஆனால் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் முன்கதவைத் திறந்து வைத்தாள். இப்போதும் லுஹர் நேரத்தில் திறந்துதான் வைக்கிறாளாம். ஒருவரும் வருவதில்லை.

முனாப்பின் சீருடையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். வீடு நஸ்லியாவுக்குச் சீதனமாக வந்த வீடு. ஆகவே அவன்தான் ஒரு பையோடு வெளியே போனான். கடற்கரைப் பக்கம் இருக்க மாட்டேன் என்று சாகாமத்துக்குப் போய், குளத்துக்குக் கீழே ஒரு நிலக்காரப் போடியாரின் வயலில், ஓலை வாடியில் காவலுக்கு நின்றான். அவன் போனதோடு நஸ்லியாவின் கிணற்றடி வெளித்துச் சுத்தமாகிவிட்டது. கோழிகள் திரும்பி வந்தன.

அவ்வளவோடு முடிந்திருக்கவேண்டும், இல்லையா? பிழை திருத்தியாயிற்று. கொடுக்கவேண்டியவருக்குக் கொடுத்தாயிற்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாரி தொடங்க முன்னால் ஒருநாள் மிஹ்லாருக்கு மனம் கேட்கவில்லை. என்ன இருந்தாலும் ராத்தாவின் பிள்ளைகளுக்கு வாப்பா, உயிரோடு இருக்கிறானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று வண்டியைத் திருப்பினான். ராத்தாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. வேறு வேலையாகப் போன வழியில், அன்று பகல்தான் போவதென்று முடிவெடுத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வெட்டின வயல். வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. வாடிக்குப் பின்னால் இருந்த கிணற்றை எட்டிப் பார்த்தான், அடி தெரிந்தது, சருகு கிடந்தது. முனாப் வாடிக்குள் பாயில் உட்கார்ந்திருந்தான். கொழுத்திருந்தான். முகம் வெளிறி ஊதி, தண்ணீரில் ஊறின ரொட்டிப் பாண்போல இருந்தது. மச்சானைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. இரி என்றான். முன்னால், பல பேர் சுற்றி இருந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் சோறு குவித்து, மேலே கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூடி வைத்திருந்தது.

சாப்பிடுங்கள் என்று மிஹ்லார் சொன்னான். பொறு என்று முனாப் கையைக் காட்டினான்.

பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

வாளியில் மொண்டு மெல்லக் காலில் ஊற்றுகிற சத்தம். ஒரு கால்... பிறகு மற்றக் கால். அந்தக் காய்ந்த கிணற்றடியில்.

“ஆரு மச்சான்?” என்று மிஹ்லார் கேட்டான்.

“நம்மட ஆதம்லெவ்வதான். கால் கழுவுறான்” என்றான் முனாப். “ஒருநாள் தப்பாம வாறான் மச்சான். ஒருநாள் தப்பாம.”

வாளியை வைக்கிற சத்தம். ஈரக் கால் மண்ணில் பதிந்து எடுபடுகிற சத்தம், சளக்... சளக்... என்று வாடியைச் சுற்றி வந்தது. ஓலை மறைப்புக்கு அங்கால் நின்றது. ஓலை இடுக்கில் வெளிச்சம் மறைந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

சாதாரண குரல். களைத்துப்போய் வேலைக்கு வந்த ஒரு மனிதனின் குரல் என்றான் மிஹ்லார்.

முனாப் வாயைத் திறக்கவில்லை. மிஹ்லாரைப் பார்த்தான். “நான் பதில் சொன்னா உள்ளுக்கு வாறான் இல்ல. வெளியிலயே நிக்கான், பின்னேரம் அசர் வரைக்கும் நிக்கான். நீ சொல்லு மச்சான்.”

நான் மிஹ்லாரிடம் கேட்டேன், சொன்னாயா என்று. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வாய் தன்னாலே சொல்லிவிட்டது என்றான். சிறுவயதிலிருந்து சொல்லிப் பழகின வாய். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியதாம்.

ஓலைக் கதவு அசைந்தது. மிஹ்லார் மற்றப் பக்க மறைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். செருப்பை விட்டுவிட்டான். மோட்டார் சைக்கிளை உதைத்தான், பிடிக்கவில்லை, திரும்ப உதைத்தான். அப்போது உள்ளேயிருந்து முனாப் கூப்பிட்டான். பயந்த குரல் அல்ல. விருந்துக்கு வந்தவன் சாப்பிடாமல் போகிறானே என்று மனம் நொந்த குரல்.

“எங்க ஓடுற மச்சான்? ஆதம்லெவ்வ விடியவே மூணு பேருக்குச் சோறு ஆக்கச் சொல்லிட்டுத்தான் போனான்.”